கீழ்வீட்டு இறாலுக்கு மேல்வீட்டுத் தேங்காய்

மோகன் பகான் ஜெயித்த நாளில் எங்கள் வீட்டு அருவாமனைக்கு ஓய்வு கிடையாது. விளக்கு வைக்கும் நேரத்தில் மாடிப்படியில் சங்கு வளையல் சத்தம் கேட்கும். கீழ்வீட்டு மாஷிமா, எங்கள் வீட்டுக்கார அம்மாள், உடைத்த தேங்காய் மூடிகளை எவர்சில்வர் தட்டில் அடுக்கி எடுத்து வந்து அம்மா முன்னால் வைப்பார்.

“தீதி, உங்கள் கையில் விழுகிற மாதிரி எனக்குப் பூவாய் விழாது.”

அம்மா பேசாமல் அருவாமனையை இழுத்துப் போட்டு உட்காருவாள். நுனியில் இருக்கும் துருவலில் மூடியைச் சுற்றிச் சுற்றிக் கொடுப்பாள். ஓட்டை ஒட்டிய பழுப்பு ஒரு பொட்டுக்கூட விழாது. நானும் அண்ணாவும் கதவோரம் நின்று முறைப்போம். அந்தத் துருவலைப் பிழிந்து எடுக்கும் பாலில்தான் இறால் மலாய்க்கறி கொதிக்கும். அரை மணியில் அந்த வாசனை மாடியேறி வரும். எங்களுடையது சைவ வீடு. அதோடு ஈஸ்ட் பெங்கால் வீடு. தோற்ற அன்றைக்கே, ஜெயித்தவர்களின் விருந்துக்கு, தான் கையால் தொடாத கறிக்கு அம்மா தேங்காய் துருவிக் கொடுத்தாள். எங்களுக்கு அது பெரிய துரோகமாகத் தெரிந்தது.

கல்கத்தாவில் இந்த இரண்டு கால்பந்து கிளப்புகளுக்கும் இது எழுதாத சட்டம். மோகன் பகான் ஜெயித்தால் இறால். ஈஸ்ட் பெங்கால் ஜெயித்தால் இலிஷ், நம் ஊரில் உல்லம் என்கிற மீன். ஆட்டம் முடிந்த மறுநாள் எது விலை ஏறியிருக்கிறது என்று பார்த்தாலே போதும், பேப்பர் வாங்க வேண்டாம். லேக் மார்க்கெட்டில் மீன்காரர்கள் ஒரு பக்கம் கூவ, இன்னொரு பக்கம் வாழையிலையும் கறிவேப்பிலையும் தேடி நம் ஆட்கள் நடப்பார்கள். ராஷ்பிஹாரி அவென்யூவை ஒட்டிய அந்தத் தெருக்களில் அப்போது காலையில் ஃபில்டர் காப்பி மணக்கும்.

அப்பா 1949-ல் மெட்ராஸ் மெயிலில் ஹௌராவில் வந்து இறங்கியவர். டல்ஹௌசி ஸ்கொயரில் குமாஸ்தா வேலை, மெஸ்ஸில் சாப்பாடு. வந்த புதிதில் எல்லோரும் அவரிடம் கேட்டது ஒரே கேள்விதான். கொட்டியா, பாங்காலா? மேற்கு வங்கத்துப் பூர்வகுடி கொட்டி, கிழக்கிலிருந்து வந்தவன் பாங்கால். கொட்டி என்றால் மோகன் பகான், பாங்கால் என்றால் ஈஸ்ட் பெங்கால். இரண்டும் இல்லாதவன் ‘மத்ராஜி’. அந்தச் சொல்லைக் கேட்டால் பேச்சு அங்கேயே முடிந்துவிடும் என்று அப்பா சொல்வார்.

மெஸ்காரர்கள் ஒருநாள் அவரை மைதானத்துக்கு இழுத்துப் போனார்கள். ஈஸ்ட் பெங்காலின் முன்வரிசையில் அப்போது ஐந்து பேர். வெங்கடேஷ், அப்பாராவ், தன்ராஜ், அகமது கான், சாலே. ஐவருமே தெற்கிலிருந்து போனவர்கள். கல்கத்தா அவர்களைப் பஞ்ச பாண்டவர்கள் என்று கொண்டாடியது. அந்த வருஷமே கல்கத்தா லீக், ஐ.எஃப்.ஏ. ஷீல்டு, ரோவர்ஸ் கோப்பை மூன்றையும் ஈஸ்ட் பெங்கால் வாரிக்கொண்டு போனது. ஊர் தெரியாத, பாஷை தெரியாத இருபத்திரண்டு வயசுப் பையனுக்கு வேறென்ன வேண்டும்? “அஞ்சு பேரும் நம்ம பக்கத்து ஆளுங்க. எனக்கு முன்னாடியே வந்து இந்த ஊரை ஜெயிச்சு வெச்சிருந்தாங்க” என்பார். மறுநாள் ஆபீசில் யாரோ கேட்டபோது, “நான் ஈஸ்ட் பெங்கால்” என்று சொன்னாராம். அன்றைக்குத்தான் ஒருவன் நாற்காலியை இழுத்துப்போட்டு அவர் பக்கத்தில் உட்கார்ந்து டீ சொன்னானாம்.

அந்த கிளப்பும் ஒரு அவமானத்தில் பிறந்ததுதான். 1920-ல் மோகன் பகானுக்கு எதிரான ஆட்டத்தில் ஜோராபகான் கிளப் சைலேஷ் போஸ் என்ற ஆட்டக்காரரை உட்கார வைத்தது. கோபித்துக்கொண்டு வெளியேறிய சுரேஷ் சந்திர சௌத்ரி, நண்பர்களைச் சேர்த்துக்கொண்டு ஆகஸ்ட் 1-ல் புதுக் கிளப் ஆரம்பித்தார். 27 வருஷம் கழித்து நாடு பிரிந்தது. வீட்டையும் நிலத்தையும் விட்டுவிட்டு வந்த லட்சக்கணக்கான பேருக்கு, விட்டுவந்த மண்ணின் பெயரைச் சத்தம்போட்டுச் சொல்ல மிஞ்சிய இடம் மைதானத்துக் கேலரிதான். அந்தச் சத்தத்தில் என் அப்பாவும் சேர்ந்துகொண்டார்.

கீழே மேஷோவுக்கு, மாஷிமாவின் கணவருக்கு, 1911 போதும். கூடத்தில் காந்தி படத்துக்குப் பக்கத்தில் அந்தப் பதினொரு பேரின் படம் மாட்டியிருந்தது. 1911 ஜூலை 29-ல் ஐ.எஃப்.ஏ. ஷீல்டு இறுதியாட்டம். எதிரே ஈஸ்ட் யார்க்‌ஷயர் ரெஜிமெண்ட், பூட்ஸ் போட்ட வெள்ளைக்காரப் பட்டாளம். மோகன் பகானில் சுதிர் சாட்டர்ஜியைத் தவிர எல்லோரும் வெறுங்கால். ஒரு கோல் பின்தங்கி, ஷிப்தாஸ் பாதுரியும் அபிலாஷ் கோஷும் அடித்து 2-1. மேஷோ பிறந்ததே அதற்குப் பிறகுதான். ஆனாலும் கண்ணால் பார்த்தவர் மாதிரி, எந்தக் கால் எங்கே திரும்பியது என்று சொல்வார். அப்பா கை கட்டிக் கேட்பார். “அது நம்ம எல்லாருக்குமான ஜெயம், தாதா” என்பார். அதை ஒப்புக்கொள்ள அவருக்கு ஒருநாளும் கஷ்டமாக இருந்ததில்லை.

மைதானத்துக்குப் பெண் பிள்ளைகள் போகிற வழக்கம் இல்லை. அண்ணா போனான். டிக்கெட் கிடைக்காத நாளில் அட்டைக் குழாயில் இரண்டு கண்ணாடித் துண்டு ஒட்டிய பெரிஸ்கோப்போடு கூட்டத்துக்குப் பின்னால் நின்று பார்த்துவிட்டு வருவான். எனக்கு ரேடியோ. அஜய் பாசு, புஷ்பேன் சர்க்கார், கமல் பட்டாச்சார்யா, இந்த மூன்று குரலில்தான் நான் வங்காளம் கற்றுக்கொண்டேன். ஜன்னல் திட்டில் ஒரு டப்பா நிறையப் புளியங்கொட்டை. நாங்கள் கோல் போட்டால் ஒரு கொட்டையை எடுத்து வெளியே வைப்பேன்.

1975 செப்டம்பர் 30, ஷீல்டு இறுதி. எனக்குப் பன்னிரண்டு வயது. மேலே ஒரு ரேடியோ, கீழே ஒரு ரேடியோ, இரண்டிலும் ஒரே குரல். முதல் கொட்டை வைத்தபோது அண்ணா குதித்தான். இரண்டாவதுக்கு அப்பாவே கை தட்டினார். நாலாவது வைத்தபோது எனக்கு ஏதோ பயமாக இருந்தது. ஐந்தாவது கோல் விழுந்ததும் கீழே ரேடியோவை நிறுத்திவிட்டார்கள். ஐந்துக்குப் பூஜ்யம். இரண்டு கிளப்பும் மோதும் டெர்பியில் இன்றுவரை அதை யாரும் மிஞ்சவில்லை. தெருக்கோடியில் வெடிச்சத்தம் கேட்டது. அண்ணா தாம்பாளத்தையும் கரண்டியையும் எடுத்துக்கொண்டு மொட்டைமாடிக்கு ஓடப் பார்த்தான். அப்பா மணிக்கட்டைப் பிடித்து நிறுத்தினார்.

“கீழே அடுப்பு மூட்டலைடா.”

உண்மைதான். புகை வரவில்லை. நாங்கள் ஜெயித்தால் அம்மா பால் பாயசம் வைத்துக் கீழே கொடுத்தனுப்புவது வழக்கம். அன்றைக்குப் பாயசம் வைக்கவில்லை. குழையக் குழையச் சாதம் வடித்து, மிளகு ரசம் வைத்து, இரண்டையும் மூடி எடுத்துக்கொண்டு தானே இறங்கிப் போனாள். மாஷிமா வாங்கிக்கொண்டார். இரண்டு பேரும் ஒரு வார்த்தை பேசவில்லை. அடுத்த ஜென்மத்திலாவது நல்ல ஆட்டக்காரனாகப் பிறந்து பழி தீர்ப்பேன் என்று எழுதிவைத்துவிட்டு மோகன் பகான் ரசிகர் ஒருவர் உயிரை மாய்த்துக்கொண்டார் என்ற செய்தி பிறகு வந்தது. அன்று அப்பா கீழே போய் மேஷோ பக்கத்தில் வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். அந்த ஐந்து கொட்டைகளையும் நான் டப்பாவிலேயே போட்டுவிட்டேன்.

அடுத்த வருஷமே காற்று மாறியது. எங்கள் பயிற்சியாளர் பி.கே. பானர்ஜி அந்தப் பக்கம் போய்விட்டார். லீக் ஆட்டத்தில் விசில் ஊதி 17 விநாடியில் முகமது அக்பர் கோல் போட்டார். நான் டப்பாவையே திறந்திருக்கவில்லை. 75-ல் எங்களுக்காக இரண்டு கோல் போட்ட ஷியாம் தாப்பா, 78-ல் மோகன் பகானின் பச்சை-மெரூன் சட்டையில் அந்தரத்தில் மல்லாந்து எங்களுக்கு எதிராகவே ஒரு சைக்கிள் கிக் அடித்தார். அண்ணா அழுதான். “ஆள் போவான், வருவான். சட்டை இங்கேதானே இருக்கு” என்றார் அப்பா. அந்த வார்த்தையை நான் வெகுகாலம் நம்பினேன்.

1980 ஆகஸ்ட் 16, சனிக்கிழமை. ஈடன் கார்டன்ஸில் லீக் டெர்பி. அண்ணாவுக்குப் பத்தொன்பது. காலையிலேயே எலுமிச்சைச் சாதம் கட்டிக்கொண்டு போனான். மைதானத்தில் விதேஷ் போஸுக்கும் திலீப் பாலித்துக்கும் மோதல், இருவருக்கும் சிவப்பு அட்டை. இரண்டு தரப்பும் கலந்து உட்கார்ந்திருந்த கேலரியில் கைகலப்பு பற்றிக்கொண்டது. ஓட இடமில்லை. மிதிபட்டும் நசுங்கியும் பதினாறு பேர் செத்துப்போனார்கள்.

இருட்டியபிறகுதான் எங்களுக்குச் செய்தி தெரிந்தது. அப்பா சட்டையை மாட்டிக்கொண்டு படியிறங்கினார். கீழ்வாசலில் மேஷோ ஏற்கெனவே செருப்பு போட்டுக்கொண்டு டார்ச்சோடு நின்றிருந்தார். இருவரும் சேர்ந்து ஒவ்வொரு ஆஸ்பத்திரியாகப் போனார்கள். வெள்ளைத் துணியை விலக்கி முகம் பார்க்கச் சொன்ன இடத்தில் அப்பாவுக்குக் கால் ஓடவில்லை. மேஷோதான் உள்ளே போய் ஒவ்வொரு முகமாகப் பார்த்துவிட்டு வந்து “இல்லை” என்று தலையாட்டினாராம். பல வருஷம் கழித்து அப்பா இதைச் சொன்னபோதும் அவர் குரல் தடுமாறியது. அண்ணா ராத்திரி பதினொரு மணிக்கு நடந்தே வந்தான். ஒரு காலில்தான் செருப்பு. தோளில் தாங்கி அழைத்து வந்தவன் எங்கள் தெருக்கோடிப் பையன், பச்சை-மெரூன்காரன். அதற்குப் பிறகு அண்ணா மைதானப் பக்கமே போகவில்லை. இப்போது பெங்களூரில் இருக்கிறான், கிரிக்கெட்கூடப் பார்ப்பதில்லை. ஆகஸ்ட் 16-ஐ இன்றும் கொல்கத்தாவில் கால்பந்து பிரியர்கள் நாளாக அனுசரிக்கிறார்கள். இரண்டு கிளப் ஆட்களும் வரிசையில் படுத்து ரத்த தானம் செய்வார்கள்.

நான் மைதானத்துக்குள் முதல்முதலாகக் கால் வைத்தது 1997 ஜூலை 13. முப்பத்துநாலு வயது, கல்யாணமாகி ஒரு பெண் குழந்தை. எழுபது வயது அப்பா காலையில் காப்பியைக் கையில் வைத்துக்கொண்டு, “நீயும் வரியாம்மா?” என்று கேட்டார். இருபத்திரண்டு வருஷம் காத்திருந்த கேள்வி. ஃபெடரேஷன் கோப்பை அரையிறுதி, சால்ட் லேக் ஸ்டேடியம். ஒரு லட்சத்து முப்பத்தோராயிரம் பேர். மோகன் பகான் பயிற்சியாளர் அமல் தத்தா தன் ‘டைமண்ட்’ வியூகத்தில் எதிரிகளைத் துவைத்துக்கொண்டிருந்த காலம். எங்கள் பாய்சுங் பூட்டியாவைச் ‘சுங் சுங்’ என்றும், ஓமோலோவை ஆம்லெட் என்றும் கேலி பேசியிருந்தார். எங்கள் பக்கம் மறுபடி பி.கே. ஆட்டம் 4-1, பூட்டியாவுக்கு மட்டும் மூன்று கோல்.

ரேடியோவில் நான் கேட்டிருந்த சத்தம் காதுக்கு வருவது. அங்கே அது சிமெண்டுப் படி வழியாக உள்ளங்காலுக்கு வந்தது. அப்பா என் தோளைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றார். சிவப்பும் மஞ்சளுமாக ஒரு கடல். அதற்குள் அவருக்கு ஒரு இடம், எனக்கும் ஒரு இடம். எதிர்ப்பக்கப் பச்சை-மெரூனில் மேஷோ எங்கேயோ இருந்தார். போகும்போது ஒரே மினி பஸ், திரும்பும்போதும் ஒரே மினி பஸ். வழியெல்லாம் பேசவில்லை. மறுநாள் காலையில் மண்சட்டியில் ரசகுல்லா வாங்கிக்கொண்டு மாடியேறி வந்தார். “அந்தப் பையன் நன்றாக ஆடினான்” என்று மட்டும் சொன்னார்.

மறுவருஷம் இரண்டு கிளப்புகளின் பெயருக்கு முன்னாலும் மதுபானப் பெயர் ஒட்டிக்கொண்டது. கிங்ஃபிஷர் ஈஸ்ட் பெங்கால், மெக்டவல் மோகன் பகான். இரண்டும் ஒரே குழுமத்தின் சரக்கு. அப்பா பேப்பரை மடித்து வைத்துவிட்டு, “இனிமே யார் ஜெயிச்சாலும் காசு ஒரே கல்லாவுக்குத்தான் போகும்” என்றார். அவர் அதிகம் பேசுகிறவர் இல்லை. அதற்குப்பிறகு இன்னும் குறைவாகப் பேசினார். 2003-ல் போய்ச் சேர்ந்தார்.

பழைய வீடும் போய்விட்டது. பிரமோட்டர் இடித்து ஐந்து மாடி எழுப்பினார். கீழ்வீட்டுக்காரர்களுக்கு முதல் மாடியில் ஒரு ஃபிளாட், எங்களுக்கு மூன்றாவதில் ஒன்று. நடுவில் லிஃப்ட். வளையல் சத்தம் கேட்டு யார் வருகிறார்கள் என்று கண்டுபிடித்த காலம் அதோடு முடிந்தது. அம்மா போனபிறகு அருவாமனை என் வீட்டுப் பரணில் இருந்தது. மேஷோ 2016-ல் காலமானார்.

மேஷோ பார்க்காமல் போனதே நல்லது என்று அவர் பேரன் ஒருநாள் என்னிடம் சொன்னான். ஐ.எஸ்.எல். என்கிற இந்தியன் சூப்பர் லீக்குக்காக 2014-ல் தொடங்கிய ஏ.டி.கே. அணியோடு 2020-ல் மோகன் பகான் கால்பந்து அணி இணைந்தது. ஏ.டி.கே. மோகன் பகான் ஆனது. 1889-ல் வைத்த பெயருக்கு முன்னால் ஆறு வயதுக் கிளப்பின் மூன்று எழுத்து. 2020 நவம்பர் 27-ல் முதல் ஐ.எஸ்.எல். டெர்பி, கோவாவில், கொரோனாவால் ஒரு ரசிகர்கூட இல்லாத ஸ்டேடியத்தில். 2-0 என்று தோற்றோம். டி.வி. முன்னால் உட்கார்ந்திருந்த எனக்குத் தோல்வி உறைக்கவில்லை. திரையில் எதிரியின் பெயரைத் தேடினேன். நூறு வருஷம் சண்டை போட்டவனைக் காணோம் என்றால் யாரிடம் போய்த் தோற்பது? பணமில்லாமல் கிளப் நடக்காது என்பது எனக்கும் தெரியும். எங்கள் கிளப்பும் வருஷத்துக்கொரு முதலாளியின் வாசலில் நின்றதுதான். ஆனாலும் அந்தப் பையன் ‘ஏ.டி.கே.-யை எடு’ என்று எழுதிய பதாகையை முதல் மாடி பால்கனியில் கட்டியபோது, மேலிருந்து ஒரு முனையை நான்தான் பிடித்துக் கொடுத்தேன். 2023-ல் அவர்கள் கோப்பை வென்ற இரவில் அந்த மூன்று எழுத்தை எடுத்துவிடுவதாக அறிவிப்பு வந்தது. இப்போது மோகன் பகான் சூப்பர் ஜயண்ட். பாதி திரும்பி வந்தது.

எங்கள் கணக்கோ அதைவிட மோசம். 2020 ஜனவரி 19 டெர்பியில் எங்கள் கேலரி ஒரு பெரிய பதாகையை விரித்தது. இந்த மண் ரத்தம் கொடுத்து வாங்கியது, காகிதம் காட்டி வாங்கியதல்ல என்று அதில் இருந்தது. குடியுரிமைக்குக் காகிதம் கேட்ட நாட்கள் அவை. அந்த வாசகத்தைப் பார்த்து நான் தேம்பி அழுதேன். ஆட்டத்தில் தோற்றோம். அதில் தொடங்கி வரிசையாக எட்டு டெர்பி தோல்வி. என் மகளின் போனில் வந்து விழும் ஏச்சுகளை ஒருநாள் பார்த்தேன். ஓடிவந்தவர்கள், முள்வேலி தாண்டியவர்கள் என்று முகம் தெரியாத பிள்ளைகள் எழுதுகிறார்கள். எங்கள் பிள்ளைகளும் பதிலுக்கு அதே தரத்தில் எழுதுகிறார்கள். எதிரி வீட்டில் இன்று அடுப்பு மூட்டினார்களா என்று கேட்க அவர்களுக்கு ஒரு கீழ்வீடு இல்லை. எனக்குக் கோபத்தைவிடப் பரிதாபம்தான் வருகிறது.

2023 ஆகஸ்ட் 12, டுராண்ட் கோப்பை. வலப்பக்கமிருந்து உள்ளே வெட்டி வந்து ஒருவர் போட்ட ஒரே கோலில் நாலரை வருஷத்துச் சாபம் தீர்ந்தது. நந்தகுமார் சேகர், சென்னைப் பையன். அப்பாவின் படத்துக்கு முன்னால் போய் நின்று, “அப்பா, நம்ம பக்கத்து ஆள்” என்று சத்தமாகவே சொன்னேன். டப்பாவைத் தேடி ஒரு புளியங்கொட்டையை எடுத்து ஜன்னலில் வைத்தேன். பாயசம் வைத்து முதல் மாடிக்குக் கொடுத்தனுப்பினேன். மாஷிமா கிண்ணத்தைக் கழுவாமல், சர்க்கரை போட்டுத் திருப்பி அனுப்பினார், எப்போதும் போல.

2024 ஆகஸ்ட் 18, ஞாயிறு. மறுபடி டுராண்ட் டெர்பி. மாஷிமா நம்பிக்கையோடு முன்கூட்டியே இரண்டு தேங்காய் வாங்கி வைத்திருந்தார். ஆனால் ஆட்டம் முதல் நாளே ரத்தாகிவிட்டது. ஆகஸ்ட் 9-ல் ஆர்.ஜி. கர் மருத்துவமனையில் ஒரு இளம் பெண் டாக்டரைச் சீரழித்துக் கொன்றிருந்தார்கள். 14-ந் தேதி ராத்திரி ஊரே தெருவுக்கு வந்திருந்தது, பெண்கள் முன்னால். கேலரிகளிலும் நீதி கேட்கும் குரல் எழும் என்று எல்லோருக்கும் தெரிந்திருந்தது. பாதுகாப்புக்குப் போதிய போலீஸ் இல்லை என்று காரணம் சொன்னார்கள்.

ஆட்டம் இல்லாத ஸ்டேடியத்துக்கு ரசிகர்கள் கிளம்பினார்கள். மகள் சிவப்பு-மஞ்சள் சட்டையை மாட்டினாள். கீழே மேஷோவின் பேரன் பச்சை-மெரூன். அறுபத்தோரு வயதில் நானும் போனேன். பைபாஸ் ரோடு முழுக்கத் தலைகள், மேலே மழை. ஈஸ்ட் பெங்கால் கொடி, மோகன் பகான் கொடி, நடுவில் ஊரின் மூன்றாவது கிளப்பான முகமதன் ஸ்போர்ட்டிங்கின் கறுப்பு-வெள்ளை. இரண்டு கேலரிக்கும் ஒரே குரல் என்று கோஷம். மோகன் பகான் கேப்டன் சுபாஷிஷ் போஸ் மனைவியோடு வந்து கூட்டத்தில் நின்றார். லத்தி சுழன்றது, சிலரை வண்டியில் ஏற்றினார்கள். பச்சை-மெரூன் பையன் ஒருவன் சிவப்பு-மஞ்சள்காரனைத் தோளில் தூக்கிக்கொண்டான். மேலே இருந்தவன் கத்திய கத்தலில் கழுத்து நரம்பு புடைத்தது. என் பக்கத்தில் நின்ற பெண்களுக்கு என் மகள் வயதுதான் இருக்கும். பன்னிரண்டு வயதில் ஜன்னலோரம் ரேடியோவோடு உட்கார வைக்கப்பட்ட எனக்கு, அவர்கள் அங்கே நின்றதே போதுமாக இருந்தது. மழையோ கண்ணீரோ, துடைக்கத் தோன்றவில்லை.

ராத்திரி சொட்டச் சொட்ட வீடு வந்து சேர்ந்தோம். முதல் மாடியில் லிஃப்ட் நின்றது. மாஷிமாவுக்கு எண்பத்தெட்டு வயது. கதவைத் திறந்துவைத்துக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். மூன்று பேரையும் மேலும் கீழும் பார்த்தார், அடி ஏதும் பட்டிருக்கிறதா என்று. பிறகு மேஜையில் இருந்த தேங்காய் மூடிகளைக் காட்டினார்.

நான் மேலே போய்ப் புடவை மாற்றிக்கொண்டு, பரணிலிருந்து அருவாமனையை இறக்கித் துடைத்து எடுத்து வந்தேன். கூடத்தில் அந்தப் பதினொரு பேர் படத்துக்குக் கீழே அதை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, துருவலில் மூடியை வைத்தேன்.

“துருவாதே” என்றார் மாஷிமா. “பொடியாக நறுக்கு. நெய்யில் வறுத்துக் கடலைப்பருப்பில் போடலாம். எல்லோரும் இங்கேயே சாப்பிடுங்கள்.”